படையில் சேராதவன் படை விமானி ஆகலாமா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, முதலாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணா, நான் படையில் இருந்ததே இல்லை. படிப்பையும் வேலையையும் விடாமல், வார இறுதியில் மட்டும் போர் விமானம் ஓட்டும் சேமப்படை விமானியாக முடியுமா? அமெரிக்காவில் அப்படி இருக்கிறதாமே?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வயதில் நானும் இதே கேள்வியைக் கேட்டவன். அதற்கு அன்று சரியான விடை கிடைத்திருந்தால், பின்னால் சொல்லப்போகும் ஒரு தவற்றைச் செய்திருக்கமாட்டேன். ஆகவே, அந்தத் தம்பிக்கும் அவர்போல் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்க்கும் விடையாக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சேமப்படை என்றால் என்ன?

ஒரு நாட்டின் நிரந்தரப் படையில் இருப்போர்க்கு அதுவே முழுநேரத் தொழில். சேமப்படையினர், அதாவது ரிசர்வ் படையினர், அமைதிக் காலத்தில் தம் சொந்தத் தொழிலைப் பார்ப்பர்; ஆண்டில் சில நாட்கள் பயிற்சி பெறுவர்; அழைப்பு வந்தால் சீருடை அணிந்து போவர். இவர்களில் இரு வகையினர் உண்டு. முன்பு நிரந்தரப் படையில் பணியாற்றி விலகியவர்கள் ஒரு வகை. படையையே அறியாமல் ஊரிலிருந்து நேரே வந்து சேர்ந்தவர்கள் மற்றொரு வகை. நம் தம்பியின் கேள்வி இந்த இரண்டாம் வகையைப் பற்றியது.

துப்பாக்கி ஏந்தும் சேமப்படை வீரனைச் சில வாரங்களில் உருவாக்கிவிடலாம். விமானியை அவ்வாறு உருவாக்க இயலாது. பல நூறு மணி நேரம் வானில் பறந்தால் அன்றி அவன் விமானி ஆகான். ஒவ்வொரு மணிக்கும் எரிபொருளும் ஆசிரியரும் இயந்திரமும் வேண்டும். ஆகவே, "யாரைச் சேர்ப்பது?" என்னும் கேள்விக்குப் பின்னால், "அந்த முதல் நூறு மணி நேரத்துக்குப் பணம் கொடுப்பவர் யார்?" என்னும் கேள்வி எப்பொழுதும் நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

தங்கவயலின் தொண்டர் படை

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். என் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரம் கட்டும் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் அது. அங்கே இன்று வேலை இல்லை. 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மாரிக்குப்பத்தில் விடியுமுன் புறப்படும் இரயிலில் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்புவோர் பல ஆயிரம் பேர். என் தந்தையும் அவர்களுள் ஒருவர்.

எனக்கு விமானி ஆகும் ஆசை என்று சொன்னபோது பாட்டனார் ஒரு பழங்கதை சொன்னார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் வயலில் ஒரு தொண்டர் படை இருந்ததாம். சுரங்க அதிகாரிகளும் அவர்தம் பிள்ளைகளும் காக்கி அணிந்து, துப்பாக்கி ஏந்தி, வாத்தியத்தோடு அணிவகுத்துப் போவார்களாம். லைன் வீட்டுச் சிறுவர்கள் ஓரத்தில் நின்று பார்ப்பார்களாம். "நம்ம லைன் பசங்களுக்கு அந்தச் சட்டை கிடையாதுடா கண்ணு. வேடிக்கை பாக்க மட்டும் விடுவாங்க" என்றார்.

அது வெறும் கதையன்று. 1920ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு இரண்டு சட்டங்கள் இயற்றியது. துணைப்படைச் சட்டம் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் உரியது. கோலார் தங்கவயலில் இருந்த படைப்பிரிவு இச்சட்டத்தின்கீழ் அமைந்தது. இந்தியர்க்கெனப் பிரதேசப் படைச் சட்டம் தனியே வந்தது. அதன்கீழ்ப் பல்கலைக்கழக மாணவர்க்குப் பயிற்சிப் படைகள் அமைந்தன. இன்றைய தேசிய மாணவர் படையின் மூதாதை அதுவே. 1947இல் துணைப்படை கலைக்கப்பட்டது. பாட்டனார் அப்போது பதினான்கு வயதுச் சிறுவர். ஒரே ஊரில், ஒரே சுரங்கத்தில் இருந்தாலும், சேமப்படையின் வாயில் சிலர்க்குத் திறந்தும் பலர்க்கு மூடியும் இருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

வானத்துத் தொண்டர்கள்

விமானப்படையின் கதை சற்று வேறு. இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8இல் நிறுவப்பட்டது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அதில் இருந்தது ஒரே ஒரு விமான அணி. அதிகாரிகள் 16 பேர். நீண்ட கடற்கரையைக் காக்க அது எப்படிப் போதும்? எனவே விமானப்படைத் தொண்டர் சேமப்படை அமைக்கப்பட்டது. அதைக் கொண்டு சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம் ஆகிய ஆறு இடங்களில் கடலோரக் காவல் பிரிவுகள் எழுந்தன. சென்னைப் பிரிவு பரங்கிமலையில் இருந்தது. வாப்பிட்டி என்னும் பழைய இரட்டைச் சிறகு விமானங்களில் ஏறிக் கப்பல்களைக் காவல் காத்தனர்.

இதற்கான விமானிகள் எங்கிருந்து வந்தனர்? 1920களின் இறுதியிலிருந்து டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களில் பறத்தல் கழகங்கள் இயங்கிவந்தன. ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் விமானி உரிமம் பெற்றது பம்பாய்க் கழகத்தின் வழியாகத்தான். இத்தகைய கழகங்களில் பொழுதுபோக்காகவோ தொழிலுக்காகவோ பறக்கக் கற்றவர்களைப் படை தேடிச் சென்றது. மொகிந்தர் சிங் பூஜி என்பவர் ஒரு பெட்ரோல் கம்பெனியில் அலுவலர். கழகத்தில் பறந்து உரிமம் வைத்திருந்தார். 1940இல் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட 24 இந்திய விமானிகளுள் அவரும் ஒருவர். ஐரோப்பாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் பர்மாவிலும் போரிட்டு, வீரப் பறத்தல் சிலுவை விருது பெற்றார். படையில் முன் அனுபவம் இல்லாத ஒருவர் போர் விமானி ஆனதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பிரிட்டனிலும் இதே கதைதான். அங்கே இரு சேமப்படைகள் இருந்தன. துணை விமானப்படை 1920களில் தோன்றியது. பெரும்பாலும் வசதி படைத்தோர் அதில் சேர்ந்தனர். 1936இல் அமைந்த தொண்டர் சேமப்படையோ சாதாரணப் பள்ளியில் படித்த இளைஞர்களை எடுத்து, அரசின் செலவிலேயே பறக்கக் கற்பித்தது. 1939 அக்டோபர் 16இல் ஸ்காட்லாந்தின் கடற்பகுதிக்கு மேல் ஜெர்மன் விமானங்களை முதன்முதலாகச் சுட்டு வீழ்த்தியவர்கள் துணைப்படையினர்; அவர்களுள் ஒருவர் வழக்கறிஞர். ஆயினும் என் மனத்தைத் தொட்டவர் வேறொருவர். ஜேம்ஸ் லேசி என்னும் இளைஞர் மருந்துக்கடைத் தொழில் பயின்றுகொண்டிருந்தவர். 1937இல் தொண்டர் சேமப்படையில் சேர்ந்து ஓய்வு நாட்களில் பறக்கக் கற்றார். 1940ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில் மிகுதியான பகைவிமானங்களை வீழ்த்திய விமானிகளின் முன்வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. அரசு முதல் நூறு மணி நேரத்துக்குப் பணம் கொடுக்காதிருந்தால், அவர் மருந்து கட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்.

சுதந்திர இந்தியாவில்

விடுதலைக்குப் பின் நம் பாராளுமன்றம் 1952இல் சேம, துணை விமானப்படைகள் சட்டத்தை இயற்றியது. அது மூன்று ஏற்பாடுகளைச் செய்தது. ஒன்று, நிரந்தரப் படையிலிருந்து விலகியோர்க்கான சேமப்படை. இரண்டு, சிவில் விமானத் துறையில் தேர்ச்சி பெற்றோரைப் பதிவு செய்துகொள்ளும் வான்காப்புச் சேமப்படை. மூன்று, குடிமக்கள் தம் தொழிலை விடாமல் சேரத்தக்க துணை விமானப்படை. 1950களின் நடுவிலிருந்து டெல்லி, பம்பாய், சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களில் துணைப்படை அணிகள் எழுந்தன. பெங்களூர் இந்துஸ்தான் தொழிற்சாலையில் வி.எம். காட்கே வடிவமைத்து 1951இல் முதன்முதல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானத்தை அவர்கள் ஓட்டினர். நம் தம்பி கேட்ட வார இறுதிப் படை விமானி, ஒரு காலத்தில் சென்னையிலேயே இருந்தார் என்று சொல்லலாம்.

அது நீடிக்கவில்லை. ஜெட் விமானங்கள் வந்தன. ஒலியின் வேகத்தை எட்டும் இயந்திரத்தை வாரத்தில் ஒரு நாள் பறந்து கையாள்வது கடினம். மேலும் 1962, 1965 போர்களின் சூழலில் நிரந்தரப் படையே விரைந்து விரிந்தது. துணைப்படை அணிகள் நிரந்தர அணிகளாக மாறின.

ஆகவே தம்பியின் கேள்விக்கு நேர் விடை இதுதான்: இன்று இந்தியாவில் ஒரு மாணவர் வேலையை வைத்துக்கொண்டே விமானப்படையில் பகுதிநேர விமானியாகச் சேரும் வழி இல்லை. நம் நாட்டில் வரிசை தலைகீழ். முதலில் பணி, அதன் பின்னரே சேமம்.

அமெரிக்காவில் அந்த வாயில் இன்றும் திறந்திருப்பது உண்மை. அங்கே வான் தேசியக் காவற்படையும் விமானப்படைச் சேமப்படையும் முன் அனுபவம் இல்லாத பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. குறிப்பிட்ட ஓர் அணியே விண்ணப்பதாரரை நேரில் கண்டு, "இவர் எங்களோடு இருக்கத்தக்கவர்" என்று எடுத்துக்கொள்ளும். பின் அரசின் செலவில் அதிகாரிப் பயிற்சி, சுமார் ஓராண்டு பறத்தல் பயிற்சி, அதற்கு ஈடாகப் பத்தாண்டுப் பணிக் கடமை. ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது.

இங்கு இரு மயக்கங்களை நீக்கிவிடுகிறேன். நம் நாட்டில் பிரதேச இராணுவம் என்று ஒன்று உண்டு. 1949 அக்டோபர் 9இல் இராஜாஜி அதைத் தொடங்கிவைத்தார். பதினெட்டு முதல் நாற்பத்திரண்டு வயது வரை உள்ள, வருவாய் ஈட்டும் பட்டதாரிகள் அதில் அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். அரசியலில் இருந்தவாறே சச்சின் பைலட் 2012இல் அதில் அதிகாரியானார். ஆனால் அது தரைப்படை. விமானி ஆகும் வழியன்று. மற்றொன்று, கௌரவப் பதவி. 2010இல் சச்சின் டெண்டுல்கர் விமானப்படையின் கௌரவக் குரூப் கேப்டன் ஆனார். அது நாடு அளித்த மரியாதை. அவர் விமானம் ஓட்டும் பணியில் சேர்ந்தார் என்று பொருளன்று.

இன்று திறந்திருக்கும் வாயில்

"அப்படியானால் நம்பிக்கையே இல்லையா?" என்று சோர்ந்துவிட வேண்டாம். படையில் ஒரு நாளும் இருந்திராத மாணவர் விமானி ஆகும் வழி இருக்கிறது. அது பகுதிநேர வழியன்று, அவ்வளவே. பதினான்கு ஆண்டுக் குறுகிய காலப் பணியில் நேராகச் சேரலாம். சிவில் உரிமம் பெறும் செலவை எண்ணிப் பாருங்கள். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரமும், வணிக உரிமத்துக்கு 200 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல இலட்சம் ரூபாய் ஆகும். விமானப்படையிலோ ஒவ்வொரு மணிக்கும் அரசு பணம் கொடுக்கிறது. பயிற்சியின் இறுதி ஆண்டில் மாதம் ரூ.56,100 உதவித்தொகையும் தருகிறது. லைன் வீட்டுப் பிள்ளைக்கு இதுவே நேர்வழி.

தகுதிகள் இவை. வயது 20 முதல் 24 வரை. வணிக உரிமம் உள்ளவர்க்கு 26 வரை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் ஐம்பது விழுக்காடு. பட்டப்படிப்பில் அறுபது விழுக்காடு. ஆண்டுக்கு இருமுறை ஏ.எஃப்.சி.ஏ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வு நடைபெறும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் பெற்றோர் அந்த எழுத்துத் தேர்வு இன்றியே நேர்முகத் தேர்வு வாரியத்துக்குச் செல்லத் தனி வழி உண்டு. 1950இல் தொடங்கிய அவ்விமானப் பிரிவில் சிறு விமானத்தில் பறக்கும் வாய்ப்பும் கிடைக்கும். கட்டணம் கட்டாமல் வானில் ஏற மாணவர்க்கு உள்ள அரிய வழி அது. பெண்கள் தயங்க வேண்டுவதில்லை. 1990களின் நடுவிலேயே பெண் விமானிகள் படையில் வந்துவிட்டனர். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவர் போர் விமானப் பிரிவிலும் சேர்ந்தனர்.

உடல் அளவுகளை முதலிலேயே அறிந்துகொள்ளுங்கள். உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர். காலின் நீளம் 99க்கும் 120க்கும் இடையில் இருக்க வேண்டும். தொடையின் நீளம் 64க்கு மேற்படலாகாது. விமானி அமரும் அறை குறுகியது. ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் எதிரிலுள்ள பலகையில் மோதலாகாது. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. நிறங்களைப் பிரித்தறியும் பார்வை நிறைவாக இருத்தல் வேண்டும். ஐந்து ரூபாய் அளவுநாடா ஒன்றும், கண் மருத்துவரிடம் ஒரு மணி நேரமும் போதும். பல ஆண்டு ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

நான் செய்த தவறு

எழுத்துத் தேர்வில் நான் தேறினேன். தேர்வு வாரியத்தின் அழைப்பு வந்தபோது பாட்டனார் தம் பழைய தோல்பையைத் துடைத்துக் கொடுத்தார். ஐந்து நாள் தேர்வில் முதல் நாள் வடிகட்டலைக் கடந்தேன். குழுத் தேர்வும் நேர்முகமும் நன்றாகவே நடந்தன. எஞ்சியது விமானியாகும் இயல்பை அளக்கும் கணிப்பொறித் தேர்வு. கையில் ஒரு பிடி, காலடியில் மிதிகள், எதிரே திரை. கை ஒன்று செய்யும்போது கால் வேறொன்று செய்ய வேண்டும். இடையில் எண்களைக் கேட்டு விடையும் அளிக்க வேண்டும். நானோ அதுவரை மிதிவண்டியைத் தவிர வேறு எதையும் ஓட்டியறியேன். கை இடப்பக்கம் போக, கால் வலப்பக்கம் போயிற்று. அரைமணியில் என் நெற்றி வியர்த்துவிட்டது. தேறவில்லை.

தோல்வி பெரிதன்று. அந்தத் தேர்வை ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம் என்பதே பெரிது. அதில் தவறியவர் மீண்டும் எந்த வழியாக விண்ணப்பித்தாலும் பறத்தல் பிரிவுக்குச் செல்ல இயலாது. இந்த விதி அறிவிப்பிலேயே அச்சிடப்பட்டிருந்தது. நான் தான் படிக்கவில்லை. "முதல் முறை போய்ப் பார்ப்போம், அடுத்த முறை சரியாகச் செய்வோம்" என்று எண்ணிப் போனேன். அடுத்த முறை என்பதே அங்கு இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் பாட்டனார் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடச் சொன்னார். நான் உண்டு முடித்த பிறகு, "வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துட்டு வரல இல்ல? உள்ள போய்ட்டுத்தானே வந்த?" என்றார். அந்த ஒரு சொல்லால் நான் மீண்டேன். இன்று நிலவியல் ஆய்வு மாணவனாக, அவர் மரம் கட்டிய பாறைகளைப் பற்றிப் படிக்கிறேன்.

நம்மைவிடப் பெரியவர் ஒருவரும் அவ்வாசலில் நின்று திரும்பியிருக்கிறார். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் விமானப்பொறியியல் முடித்ததும் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்றார். எடுக்கவேண்டியவர் எட்டுப் பேர். அவர் பெற்றது ஒன்பதாம் இடம். பல ஆண்டுகள் கழித்து, 2006 ஜூனில், குடியரசுத் தலைவராகச் சுகோய் போர் விமானத்தில் பறந்தார். இதைச் சொல்வது, தோற்றவர் எல்லாம் கலாம் ஆவர் என்பதற்காக அன்று. ஒரு வாயில் மூடினால் வாழ்வு மூடிவிடுவதில்லை என்பதற்காகவே.

தம்பிக்குச் சொல்வது

தம்பி, அமெரிக்கச் சேமப்படையைக் கனவு கண்டு காலத்தைக் கழிக்காதே. நம் பல்கலைக்கழகத்தில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு எங்கே கூடுகிறது என்பதை இந்த வாரமே விசாரி. உடல் அளவையும் கண்ணையும் இந்த மாதமே சோதித்துக்கொள். அறிவிப்பு வெளிவரும்போது ஒரு வரி விடாமல் படி. கையும் காலும் கண்ணும் ஒருங்கே இயங்கப் பழகிய பின்னரே அந்த ஒரு முறைத் தேர்வுக்குப் போ. அதுவரை போகாதே, இருபத்து நான்கு வயது வரை உனக்குக் காலம் இருக்கிறது.

என் பாட்டனார் காலத்தில் லைன் வீட்டுச் சிறுவனுக்கு அந்தச் சட்டை கிடையாது. உனக்கு அது உண்டு. பறக்கும் செலவையும் அரசே ஏற்கிறது. இன்று குறுக்கே நிற்பது நம் அறியாமை ஒன்றே. அதை நான் என் ஒரு முறையைக் கொடுத்து அறிந்துகொண்டேன். நீ இக்கட்டுரையைப் படித்தே அறிந்துகொள்ளலாம்.